சின்ன எழுத்தில் வேதம்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடு கிடையாது. அந்த மொழியில் பிறந்துவிட்டு, அந்தப் பாகுபாடு உள்ள மொழியில் பிழை பார்த்துக் காலம் தள்ளுகிறேன். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் புத்தகங்கள் சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு வரும். அங்கிருந்து இராஜபாளையத்தில் என் வீட்டு மடிக்கணினிக்கு வரும். எழுதியவர் விட்ட காற்புள்ளியைப் போடுவேன். அதிகமாகப் போட்டதை எடுப்பேன். சின்னதைப் பெரியதாக்குவேன், பெரியதைச் சின்னதாக்குவேன். கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் வேலை பாருங்கள் என்றும் சொன்னார். எப்படிப் பார்ப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வேலையை எனக்குக் காட்டிக்கொடுத்தவள் என் சிநேகிதி. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது இருவரும் ஒரே பெஞ்சு. நான் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், கோயிலை ஒட்டிய தெருவில். வாழ்க்கைப்பட்டது இராஜபாளையத்துக்கு. அவள் இராஜபாளையத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாழ்க்கைப்பட்டாள். எங்கள் வீட்டில் மார்கழி முழுக்க ஆண்டாள் பாசுரம் சொல்லாமல் அடுப்புப் பற்றாது. அவள் வீடு பல தலைமுறையாகக் கிறிஸ்தவ வீடு. அவளுடைய அப்பா சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் ஜெபக்கூட்டம் நடத்திய உபதேசியார். படிக்கிற காலத்தில் இதையெல்லாம் நாங்கள் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸை மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான்.

அவள்தான் முதலில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தாள். எனக்குக் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் என்னையும் இழுத்துவிட்டாள். பிறகு எப்படியோ நான் குழுவுக்குப் பொறுப்பாளராகி, அவள் எனக்குக் கீழே வந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று தெரியாது. இருந்திருந்தாலும் காட்டிக்கொள்கிறவள் இல்லை.

இந்த வேலையில் வேத நூல்களின் பெயருக்கென்று ஒரு தனிச் சட்டம் உண்டு. மற்றப் புத்தகங்களின் பெயரைச் சாய்வெழுத்தில் போட வேண்டும். வேத நூலுக்குச் சாய்வு கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது. முதல் எழுத்து மட்டும் பெரியதாக இருந்தால் போதும். பைபிளுக்குப் பெரிய எழுத்து. ஆனால் பைபிள் சார்ந்தது என்று பொருள் தரும் சொல்லுக்குப் பல இடங்களில் சின்ன எழுத்து. குர்ஆனுக்குப் பெரிய எழுத்து, அதைச் சார்ந்த சொல்லுக்கும் பெரிய எழுத்து. ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். நம் பக்கத்து நூல்களுக்கு வந்தால் ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று வேதத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லும். இன்னொன்று, அது ஒரு புத்தகத்தின் பெயர் அல்ல, ஒரு வகை, அதனால் சின்ன எழுத்து என்று சொல்லும். எது வந்தாலும் அதன்படி செய்துவிட்டுப் போவேன். ஆரம்பத்தில் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். பிறகு சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டும் என்று தெரிந்தது.

போன வருடம் வெயில்காலம் தொடங்குகிற நேரத்தில் அந்தப் புத்தகம் வந்தது. உலக மதங்களைப் பற்றி வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல். எழுதியவர் ஒரு வயதான பேராசிரியர். இளவயதில் இந்தத் தென்மாவட்டங்களில் சில காலம் தங்கியிருந்தவர் என்பது வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. தூத்துக்குடிப் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றிக்கூட ஓரிடத்தில் எழுதியிருந்தார். பெரிய எழுத்து விஷயத்தில் மட்டும் அவர் கலந்துகட்டித்தான் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் வேதம் பெரியது, அடுத்த பக்கத்தில் சின்னது. பதிப்பகம் அனுப்பிய விதிகள் தெளிவாக இருந்தன. பைபிளும் குர்ஆனும் பெரிய எழுத்து. வேதங்கள், புராணங்கள், ஆகமங்கள் எல்லாம் சின்ன எழுத்து.

கிறிஸ்தவம், இஸ்லாம் அத்தியாயங்களைச் சிநேகிதிக்குக் கொடுத்தேன். மற்றவற்றையும் கடைசி அத்தியாயத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். முடித்ததும் அவள் பார்த்ததை நானும், நான் பார்த்ததை அவளும் இரண்டாம் தடவை வாசிக்க வேண்டும். எல்லாப் புத்தகத்துக்கும் அப்படித்தான்.

சிக்கல் ஒரு சின்னப் பத்தியில் இருந்தது. எங்கள் பக்கத்தில் சர்ச்சை வேதக்கோயில் என்று சொல்வார்கள். கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்பார்கள். பைபிளை வேதம் என்பார்கள். பேராசிரியர் இதைக் கவனித்துக் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தார். வேதம் என்கிற ஒரே சொல் இரண்டு மதங்களுக்கும் அங்கே பொது என்று அதே தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டிருந்தார். இப்போது விதிப்படி என்ன செய்வது? பைபிளின் பெயராக வரும்போது அது பெரிய எழுத்து. இந்துக்களின் நூலாக வரும்போது சின்ன எழுத்து. ஒரே வாக்கியம், ஒரே சொல், முதலில் பெரிய வி, அடுத்து சின்ன வி.

சென்னையில் இருக்கும் மேலாளருக்கு எழுதிக் கேட்டேன். என்னைவிட வயதில் இளையவர், மரியாதையானவர். கேட்பது புரிகிறது, ஆனால் விதிப்படியே போய்விடலாம் என்று பதில் வந்தது. ஆசிரியரிடம் கேட்கலாமே என்றேன். ஆசிரியரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று பதிப்பகம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். சரி என்று ஒன்றொன்றாகச் சின்னதாக்கினேன். செய்யும்போது எதுவும் தோன்றவில்லை. மீன் கடையில் செதில் உரிக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? கை அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குக்கர் விசில் போட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்து மிச்சத்தையும் முடித்தேன்.

இரண்டு நாள் கழித்து, முன்னால் சொல்லாமல் அவள் வீட்டுக்கு வந்தாள். காலை நேரம். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள், சேலையெல்லாம் கசங்கியிருந்தது. கரண்ட் இல்லை. என் வீட்டுக்காரர் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவு. ஷிப்ட் முடிந்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அதனால் இருவரும் சமையலறையில் தரையில் உட்கார்ந்தோம். தண்ணீர் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏட்டி, அந்தக் கடைசி அத்தியாயத்த நீ பாத்துத்தான் அனுப்புனியா?"

பார்த்துத்தான் அனுப்பினேன் என்றேன். மேலாளரிடம் கேட்டதையும் அவர் சொன்னதையும் சொன்னேன். அவள் முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டாள். எங்களுக்கு மட்டும் பெரிய எழுத்து, உங்களுக்குச் சின்ன எழுத்தா, உனக்கு ஒன்றும் செய்யவில்லையா என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. சாமி குத்தம் வந்துவிடும் என்று பார்த்தால் இந்த வேலையில் ஒரு பக்கம் தாண்ட முடியாது என்றேன். வெளிநாட்டில் படிக்கிற பிள்ளைகள் இதைக் கவனிக்கப் போவதும் இல்லை.

"என் கை வரலட்டி," என்றாள். "நானும் ரெண்டு நா பாத்துட்டேன். அந்த எடத்துக்கு வந்தா நின்னுபோகுது."

மாற்றிவிடாதே என்று சொன்னேன். விதிக்கு எதிராகச் செய்கிற ஒவ்வொரு திருத்தமும் நாமே புதிதாகச் செய்த பிழையாக ஏறும், அது அவளுக்கும் தெரியும். போன புத்தகத்தில் அவளுடைய தர மதிப்பெண் ஏற்கெனவே கொஞ்சம் சரிந்திருந்தது. அவள் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வியாபாரம் முன்புபோல் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்தான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். கரண்ட் வந்தது. காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, ஜவஹர் மைதானத்துப் பக்கம் ஏதோ வாங்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் மாற்றித்தான் அனுப்பினாள். என்னுடைய அத்தியாயங்களில் நான் சின்னதாக்கியிருந்த வேதம், புராணம், ஆகமம் எல்லாவற்றையும் முழுக்கப் பெரியதாக்கி, என் வழியாகக்கூட அனுப்பாமல் நேரே நிறுவனத்தின் தளத்தில் ஏற்றிவிட்டாள். அடுத்த வாரம் மேலாளர் போனில் கூப்பிட்டார். நான் அப்போது பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு தெருவில் வந்துகொண்டிருந்தேன். பதிப்பகத்தின் தரப் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டது, ஒரே பக்கத்தில் இத்தனை பிழையா என்று கேட்கிறார்கள் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அது தெரியாமல் செய்தது இல்லை, மனசு கேட்காமல் செய்தது என்றேன். கேட்டுக்கொண்டார்.

"மேடம், எனக்குப் புரியுது. ஆனா அவங்க ரிப்போர்ட்ல மனசுன்னு நிரப்ப ஒரு கட்டம் இல்லையே," என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. அவர் குரலும் களைத்துத்தான் இருந்தது. அவருக்கு மேலே யாரோ, அந்த யாரோவுக்கு மேலே வேறு யாரோ. குழுவின் பொறுப்பு என்னுடையது, பிழையை என் பெயரில் போடுங்கள் என்று கேட்டேன். ஏற்றியது யார் என்பது கணினியில் பதிந்திருக்கிறது, மாற்ற முடியாது என்றார். மறுவாரம் அவளுடைய கடவுச்சொல் வேலை செய்யவில்லை. வேலை போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. புது வேலை வந்தால் கூப்பிடுகிறோம் என்று மட்டும் ஒரு மின்னஞ்சல் வந்ததாம்.

எனக்கு அவள்மேல்தான் கோபம். இவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையே என்று. அந்தக் கோபத்தில் சில நாள் போனில்கூடப் பேசவில்லை. ஒருநாள் இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரர் ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். ஒரு எழுத்துக்காகவா என்றார். ஆமாம் என்றேன். அவர் சாப்பிட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "போய் ஒரு எட்டு பாத்துட்டு வா, அந்தப் பிள்ள பாவம்," என்றார்.

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்தபடி போனேன். உனக்காகத்தானே செய்தேன் என்று அவள் சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதுதான் பெரிய கவலை. எனக்கு வரவேண்டிய கோபம் எனக்கு வராமல் அவளுக்கு வந்திருக்கிறது என்று நினைத்தபோது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. என் வேதத்துக்காக அவள் வேலையை இழந்தாள் என்றால், அந்தக் கடனை நான் எந்த ஜென்மத்தில் தீர்ப்பது?

அவள் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வா என்றாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் நானே ஆரம்பித்தேன். எனக்காக நீ இப்படிச் செய்திருக்க வேண்டாம் என்றேன். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஒனக்காகன்னு யாருட்டி சொன்னா?"

எனக்குப் புரியவில்லை. அவள் சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைக் காட்டினாள். சைக்கிள் பக்கத்தில் வெள்ளை வேட்டியோடு நிற்கிற பழைய படம்.

"எங்கப்பா ஒரு நாளும் பைபிள்னு சொல்லிக் கேட்டதில்ல. சாயந்தரம் வெளக்கு போட்டதும் வேதத்த எடுத்துட்டு வா தாயேம்பாவ. சாகுற அன்னைக்குங்கூட அந்த வார்த்தையத்தான் சொன்னாவ. அவிய வாயில இருந்த வார்த்தை அது. அத சின்ன எழுத்துல அடின்னா நான் எப்பிடி அடிப்பேன்? அந்தப் பக்கத்துல எந்த வேதத்துக்கு எந்த எழுத்துன்னு புத்தகம் போடுறவியளுக்கு வேணா தெரியும். எனக்கு ரெண்டும் எங்கப்பா சொன்ன வார்த்தையாத்தான் தெரிஞ்சிது."

பிறகு, ஒன்றை மட்டும் பெரியதாக விட்டுவிட்டு மற்றதைச் சின்னதாக்கினால் அந்த வார்த்தையையே பாதியாக அறுத்த மாதிரி இருந்தது, அதனால்தான் எல்லாவற்றையும் மாற்றினேன் என்றாள். அழவில்லை. ரேஷன் கடைக்குப் போய் வந்த கதை மாதிரிதான் சொன்னாள். நான் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்த பதில்கள் எதற்கும் அங்கே வேலை இருக்கவில்லை. பெருமைப்பட்டுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை, குற்றவுணர்ச்சி கொள்ளவும் ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் நடுவில் நடந்த விஷயம். நான் அதில் ஒரு ஓரமாகத்தான் இருந்தேன்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. சாப்பிட்டோம். அவள் மகளுக்குப் பரீட்சை நெருங்குகிறது என்று பேசினோம். கிளம்பும்போது, இனிமேல் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டேன். பார்க்கணும் என்றாள்.

மழைக்காலத்தில் அந்தப் புத்தகம் பக்கம் அமைக்கப்பட்டு ஆசிரியர் பார்வைக்குப் போயிருக்கிறது. பேராசிரியர் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டுப் பதிப்பகத்துக்கு நீளமாக எழுதினாராம். மேலாளர் எனக்கு அதன் சாரத்தைத்தான் சொன்னார். ஒரே சொல்லை இரண்டு விதமாக அச்சிட்டால் அந்தப் பத்தி எழுதியதற்கே பொருள் இல்லை, ஒரு மதத்தின் நூலுக்குக் கொடுக்கிற மரியாதையை எல்லா மதத்தின் நூலுக்கும் கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சின்னதாக்குங்கள் என்று கேட்டிருந்தார். பதிப்பகம் யோசித்து, எல்லாவற்றையும் பெரியதாகவே போடலாம் என்று ஒத்துக்கொண்டது. திருத்தம் செய்ய வேண்டிய கோப்பு எனக்கே வந்தது.

செய்தேன். வேதம் பெரிய வி. புராணம், ஆகமம், எல்லாம் பெரியது. சிநேகிதி முன்பு எப்படி வைத்திருந்தாளோ அப்படியே. கணினியிடம் விட்டால் ஒரே நொடியில் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆனால் அது வேறு சொற்களுக்குள்ளேயும் புகுந்து கெடுத்துவிடும் என்பதால் ஒவ்வொரு இடமாகப் போய்த்தான் மாற்ற வேண்டும். கழுத்து வலித்தது. நடுவில் எழுந்து வெந்நீர் ஒத்தடம் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. அவளைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்துவிட்டு, முதலில் மேலாளரிடம் பேசலாம் என்று வைத்தேன்.

அவரிடம் கேட்டேன். அவள் செய்தது பிழை இல்லை என்று பதிப்பகமே இப்போது சொல்லிவிட்டதல்லவா, அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமே என்றேன். உங்கள் சிநேகிதி செய்த நேரத்தில் விதி வேறாக இருந்தது மேடம் என்றார். இருந்தாலும் மேலே எழுதிப் பார்க்கிறேன் என்றார். உண்மையிலேயே எழுதினார் என்றுதான் நம்புகிறேன். அடுத்த மாதம் கேட்டபோது, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களைக் குறைக்கிறார்கள், புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்றார். இருக்கிறவர்களுக்கே முதல் திருத்தத்தை மென்பொருள் செய்துவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. அது சில நேரம் கடவுளைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு, கடவுச்சீட்டைப் பெரிய எழுத்தில் போடுகிறது. அதைத் திருத்துவது இப்போது என் வேலை.

அதற்குள் சிநேகிதிக்கு இராஜபாளையத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவு. அட்டைப்பெட்டிமேல் ஒட்டுகிற லேபிள்களில் ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வெளிநாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். காலையில் ரயில் கிடைத்தால் ரயில், இல்லாவிட்டால் பஸ். நாள் முழுக்கப் பஞ்சு பறக்கிற இடம், சாயந்தரம் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருக்கும். லேபிளில் எல்லாமே பெரிய எழுத்துத்தான், யோசிக்கவே வேண்டியதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். புத்தகத்தில் எல்லாம் மாறிவிட்டதை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாளோ என்று பயந்துகொண்டே சொன்னேன்.

"மாத்திட்டாவளா? சரி," என்றாள். பிறகு, "அந்தக் கடைசி அத்தியாயத்துலயுமா?" என்று கேட்டாள்.

அதிலும்தான் என்றேன்.  என்னைத் திரும்ப எடுப்பார்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புத்தகம் வெளிவந்துவிட்டது. பிழை பார்த்தவர்களுக்குப் பிரதி கொடுக்கிற வழக்கம் கிடையாது. விலைக்கு வாங்கலாம் என்றால் அது அந்த நாட்டுப் பள்ளிகளுக்குத்தான் போகிறது. அதனால் அந்தப் பக்கம் அச்சில் எப்படி வந்திருக்கிறது என்று நாங்கள் இருவரும் பார்த்ததில்லை. பேராசிரியருக்கு எங்கள் இருவரையும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள். சில சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்துவிட்டு அப்புறம் பஸ் ஏறுவாள். செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே, செத்த நேரம் படுக்கேன்ட்டி என்பாள். பாயை விரித்துப் போடுவேன். மின்விசிறிக்கு நேராகப் படுத்துக்கொண்டு, சூப்பர்வைசர் சொன்னது, மகள் ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குப் போவது, முழங்கால் வலி என்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பாள். நான் மேசையில் உட்கார்ந்து காற்புள்ளி போட்டுக்கொண்டே உம் கொட்டுவேன். பேச்சு நடுவில் நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். அப்போது சத்தம் வராமல் மடிக்கணினியை மூடிவிட்டு நானும் பக்கத்தில் சாய்ந்துகொள்வேன். நாலு மணி பஸ்ஸுக்கு எழுப்பிவிட வேண்டும்.